லுவாரா, கால்வாயா, பர்கண்டியா? பிரான்ஸ் கிராமங்களில் சைக்கிள் பயணத்துக்கு எந்தப் பாதை

இந்த வருடம் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். செப்டம்பரில் கோயம்புத்தூரிலிருந்து வரப்போகும், ஐம்பதைத் தாண்டிய ஒரு தம்பதி. பாரிஸ் புறநகரில் ஏழு வயதும் பத்து வயதுமாக இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு குடும்பம். துலூஸில் படிக்கும் ஒரு தம்பி. அவன் கையில் காசு குறைவு, காலில் வலு அதிகம். "மேடு அதிகமில்லாத கிராமப்புறமாகப் பார்த்து ஒரு வாரம் சைக்கிளில் போகணும் அக்கா, எந்தப் பாதை நல்லது?"

மூவருக்கும் மூன்று வெவ்வேறு பதில் சொன்னேன். அது ஏன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

படங்களைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லோரும் செய்வது. பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் அது உதவாது, ஏனென்றால் எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் கூட்டத்தில் மெதுவாக ஓட்டுபவர் யார் என்று பாருங்கள். மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு, இன்னும் 15 கி.மீ. பாக்கியிருக்கும்போது, அவர் எப்படி இருப்பார் என்று யோசியுங்கள். பாதையை அவருக்காகத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்களுக்கும் அது நல்ல பாதையாக அமையும்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தரை. வரைபடத்தில் சைக்கிள் பாதை என்று ஒரு கோடு இருந்தால் அது தார் போட்டது என்று நினைத்துவிடுகிறோம். தார்ப் பாதை, இறுக்கிய ஜல்லி, வெறும் மண் கரை, கார் அரிதாக வரும் கிராமச் சாலை, நான்கும் ஒரே பாதைப் பெயரில் ஓடும். மூட்டை இல்லாமல் ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் பன்னிரண்டு கிலோ தொங்கும்போது நன்றாகவே தெரியும். தாரில் மணிக்கு 15 கி.மீ. போகிறவர், வேர் புடைத்த மண் கரையில் ஒன்பது, பத்துக்கு இறங்கிவிடுவார். 50 கி.மீ. என்று திட்டமிட்ட நாள் மூன்றரை மணி நேரத்தில் முடியுமா, ஐந்தரை மணி நேரம் இழுக்குமா என்பது தரையைப் பொறுத்தது.

ஏற்றமும் காற்றும். ஏற்றத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் எழுதப்போகும் முக்கியமான மூன்று பாதைகளிலும் ஏற்றம் ஒரு பிரச்சினையே இல்லை. காற்றுதான் பிரச்சினை. ஏற்றம் என்றால் முடிந்ததும் ஒரு இறக்கம் வரும். எதிர்க்காற்று நாள் முழுக்க அடிக்கும், திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை.

ரயில். என் கணக்கில் பாதித் தேர்வை முடிவு செய்வது இதுதான். ஒருவருக்கு முழங்கால் வலித்தால், இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால், பாதையிலிருந்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? அந்த ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா? ஆற்றையும் கால்வாயையும் ஒட்டிப் போகும் பாதைகளில் பெரும்பாலும் ரயில் பாதையும் கூடவே வரும்.

படுக்கை, சாப்பாடு, நிழல். சைக்கிள்காரர்களை வரவேற்கும் தங்குமிடங்களுக்கு 'அக்கேய் வேலோ' என்று ஒரு முத்திரை உண்டு. குறியிட்ட பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும் இடங்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கக் கொஞ்சம் கருவிகளும் அங்கே இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பாதைக்குப் பாதை வசதி மாறும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒரே பார்வையில்:

| | லுவார் | கரோன், மிதி கால்வாய்கள் | தெற்குப் பர்கண்டி |
|---|---|---|---|
| முழு நீளம் | சுமார் 900 கி.மீ. | கரோன் 193, மிதி 240 கி.மீ. | ஜிவ்ரி முதல் க்ளூனி வரை 44 கி.மீ., மேலும் கிளைகள் |
| தரை | தார், கிராமச் சாலை, இடையிடையே ஜல்லி | கரோன் தார். மிதி பாதிக்கு மேல் மண் | தார். திராட்சைத் தோட்டங்களில் சிமென்ட் வழி |
| காற்று | மேற்கிலிருந்து | இரு திசையிலும் பலமாக வரும் | குறைவு |
| ரயில் | கூடவே வரும் | கூடவே வரும் | இரு முனைகளில் மட்டும் |
| தெரியாத செலவு | ஷாத்தோ (கோட்டை மாளிகை) நுழைவு, சுற்றுவழி | நேரம், டயர், வெயில் | அறை வாடகை |
| நல்ல மாதம் | மே, ஜூன், செப்டம்பர் | ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி | மே, ஜூன் |

## லுவார்: வழி நெடுக ரயில் வரும் பாதை

லுவார் ஆற்றை ஒட்டிப் போகும் இந்தச் சைக்கிள் வழிக்கு 'லுவார் ஆ வேலோ' என்று பெயர். நெவேர் ஊருக்குப் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடற்கரையில் உள்ள சான் பிரெவான் வரை சுமார் 900 கி.மீ. கருங்கடல் வரை போகும் ஆறாம் எண் ஐரோப்பியப் பாதையின் ஒரு பகுதி இது. முழுவதும் ஒரே மூச்சில் போக வேண்டியதில்லை. சுல்லி என்ற ஊருக்கும் ஷலோனுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கை 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் அதற்குள்ளும் ப்ளுவாவுக்கும் ஆன்ஜேவுக்கும் நடுவில் உள்ள சுமார் 200 கி.மீ. போதும்.

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் ஷாத்தோக்கள் இல்லை. ஓர்லேயான், ப்ளுவா, அம்புவாஸ், தூர், சோமுர், ஆன்ஜே, நான்த் என்று வரிசையாக ஆற்றங்கரையில் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. எந்த நாளும், "இன்றைக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு ரயிலில் போய்விடலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. ஒரு ஊரில் வாடகைக்கு எடுத்த சைக்கிளை வேறொரு ஊரில் விட்டுவிடும் வசதியும், பைகளை அடுத்த விடுதிக்கு வேனில் அனுப்பும் வசதியும் இந்தப் பாதையில் நன்றாக வளர்ந்திருக்கின்றன.

ஏற்றம் கிட்டத்தட்ட இல்லை. ஓர்லேயானில் ஆறு கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தில்கூட இல்லை. அந்த உயரமும் 300 கி.மீ.க்கும் மேல் பரவித்தான் இறங்குகிறது. அதனால், ஆறு போகும் பக்கம் போனால் எளிது என்று நினைத்துக் கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். காற்று பெரும்பாலும் கடலிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும். பாதை பல இடங்களில் வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரை மேட்டின் மேலேயே ஓடுகிறது; அங்கே மறைவு என்று ஒன்றும் கிடையாது. நாங்கள் முதல்முறை தூரிலிருந்து சோமுருக்குப் போனபோது, வலப்பக்கம் வெள்ளை மணல் திட்டுகளும் கொக்குகளும் இருந்தும், தலையைக் குனிந்து முன்சக்கரத்தை மட்டுமே பார்த்து ஓட்டினோம். அடுத்த முறை எதிர்த்திசையில் போனோம். அதே கரை மேட்டில் மிதிக்காமலேயே கொஞ்ச தூரம் போனது சைக்கிள்.

ஷாத்தோ பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர்பெற்றவற்றில் சில ஆற்றங்கரையில் இல்லை. ஷெனோன்சோ இருப்பது ஷேர் ஆற்றின் மேல். அசே லெ ரிதோ, ஆந்த்ர் ஆற்றில். ஷாம்போர், 32 கி.மீ. மதில் சூழ்ந்த காட்டுக்குள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுவழி, ஒரு நுழைவுச் சீட்டு, உள்ளே இரண்டு மூன்று மணி நேரம். பெரியவற்றில் ஆளுக்குப் பத்து யூரோவுக்கு மேல். வாரத்தில் ஐந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஓரிரண்டு நாள் அறை வாடகை அதிலேயே போய்விடும். அம்புவாஸ், சோமுர், ஷோமோன், லான்ழே ஆகியவை ஆற்றோரத்தில், போகிற வழியிலேயே இருக்கின்றன. அம்புவாஸில் லியொனார்தோ டாவின்சி 1519-இல் இறந்த வீடும் இருக்கிறது. இரண்டை உள்ளே போய்ப் பாருங்கள், மற்றவற்றை எதிர்க்கரையிலிருந்து பாருங்கள். மாலை வெயிலில் அந்த வெள்ளைக் கல்லின் நிறம் மாறுவதை அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

அந்தக் கல்லுக்கு 'துஃபோ' என்று பெயர். நகத்தால் கீறினாலே மாவாக உதிரும் மென்மையான சுண்ணாம்புக்கல். சோமுர் பக்கத்தில் ஆற்றோரக் குன்றுகளைக் குடைந்து இந்தக் கல்லை வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டி முடித்த குகைகளில் இப்போது காளான் வளர்கிறது, மது உறங்குகிறது, சிலர் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அப்படி ஒரு குகையில் 'ஃபுவே' சாப்பிட்டோம். விறகு அடுப்புக்குள் தள்ளிய மாவு உருண்டை நம் பூரியைப் போல உப்பி வருகிறது. சூடு ஆறுவதற்குள் பக்கவாட்டில் கீறி, உள்ளே வேகவைத்த வெள்ளை மொச்சையோ காளானோ ஆட்டுப்பால் சீஸோ வைத்துத் தருகிறார்கள். இறைச்சி விழுதும் கூடவே வரும். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டால் சரி. சைவக்காரர்களுக்கு இந்தப் பக்கம் நல்ல பக்கம்.

குறை என்றால் கூட்டம். ஜூலை, ஆகஸ்டில் தூருக்கும் ப்ளுவாவுக்கும் நடுவில் ஆள்நடமாட்டம் அதிகம். கிராம அமைதி தேடி வருகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். அமைதி வேண்டுமானால் ஓர்லேயானுக்குக் கிழக்கே போங்கள். நெவேரிலிருந்து பிரியார் வழியாக வரும் பகுதியில் ஆள் குறைவு. பிரியாரில் லுவார் ஆற்றுக்கு மேலே ஒரு கால்வாய் பாலமாகப் போகிறது. 662 மீட்டர் நீளம், 1896-இல் திறந்தது. கீழே ஆறு, மேலே தண்ணீர் நிறைந்த பாலத்தில் படகு, அதன் ஓரத்தில் விளக்குக் கம்பங்களுக்கு நடுவே நாம். அந்தப் பக்கம் பெல்வில், தாம்பியேர் அணுமின் நிலையங்களின் ராட்சதக் குளிர்விப்புக் கோபுரங்களும் தொலைவிலிருந்தே தெரியும். விளம்பரப் படங்களில் அவை வராது.

## கரோன், மிதி கால்வாய்கள்: சமதளம், ஆனால் இரண்டு வேறு பாதைகள்

போர்தோ பக்கத்திலிருந்து மத்தியதரைக் கடற்கரையில் உள்ள செத் வரை, இரண்டு கடல்களையும் இணைக்கும் நீர்வழியை ஒட்டிப் போவது இது. எல்லோரும் இதை ஒரே பாதை போலப் பேசுகிறார்கள். துலூஸ்தான் நடு. அதற்கு மேற்கே ஒரு பாதை, கிழக்கே முற்றிலும் வேறொரு பாதை.

மேற்கே இருப்பது கரோன் கால்வாய். 193 கி.மீ., கரை நெடுகத் தார். போர்தோவிலிருந்து கால்வாயை நோக்கிப் போக, பழைய ரயில் பாதை ஒன்றைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். 1937-இல் தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ரொஜே லப்பெபியின் பெயர் அதற்கு. சாலைச் சத்தமே கேட்காமல் மரநிழலில் போகலாம். முவாசாக்கில் பழைய மடாலயமும் 1100-ஐ ஒட்டிக் கட்டிய அதன் தூண் முற்றமும் இருக்கின்றன. அந்த ஊர் ஸ்பெயினில் உள்ள சான்டியாகோவுக்குப் போகும் யாத்திரை வழியில் இருப்பதால் யாத்திரிகர்களுக்கான மலிவான படுக்கைகள் கிடைக்கும். பல இடங்களில் சைக்கிள்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அஜானில் உலர்பிளம் பிரசித்தம். ஒரு பொட்டலம் கைப்பிடிப் பையில் இருந்தால் மாலை நான்கு மணிச் சோர்வுக்கு வேறொன்றும் வேண்டாம்.

இந்தப் பாதையில் சலிப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. நேர்கோட்டில் தண்ணீர், இரு பக்கமும் மரம், அடுத்த வளைவு வரை அதே காட்சி. கிராமங்கள் பல கால்வாயிலிருந்து ஒன்றிரண்டு கி.மீ. தள்ளி, மேட்டின் மேல் இருக்கும். கரையிலேயே இருந்தால் நாள் முழுக்கப் பாதை மட்டுமே பார்த்தது போல ஆகிவிடும். தினமும் ஒருமுறையாவது கரையை விட்டு இறங்கி ஒரு ஊருக்குள் போய் வாருங்கள்.

கிழக்கே இருப்பது மிதி கால்வாய். மிதி என்றால் பிரெஞ்சில் தெற்கு. 240 கி.மீ.; பியேர் போல் ரிக்கே என்பவர் 1666-இல் தொடங்கி, திறப்பதற்குச் சில மாதம் முன்னால் 1680-இல் இறந்துபோனார். 1681-இல் திறந்தார்கள். அட்லாண்டிக்குக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவில் மிக உயரமான இடம் நொரூஸ், அதுவே 190 மீட்டருக்குள்தான். அந்த மேட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் அவருக்கு முன்னால் இருந்தவர்களையெல்லாம் தடுத்த கேள்வி. கருமலையின் ஓடைகளைத் திருப்பி, ஒரு நீர்த்தேக்கம் கட்டி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி நொரூஸுக்குக் கொண்டுவந்தார் அவர். நொரூஸில் சைக்கிளை நிறுத்தி அந்த வாய்க்கால் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரே தண்ணீர் இடப்பக்கம் ஒரு கடலுக்கும் வலப்பக்கம் வேறொரு கடலுக்கும் பிரிகிறது. நம்மூரில் கால்வாயும் ஏரியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது கோட்டையைவிடப் பெரிதாகத் தெரியும்.

இனி தரை. துலூஸிலிருந்து சுமார் 50 கி.மீ. வரை அருமையான தார். மாவட்ட எல்லை தாண்டியதும் பழைய காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப் போன மண் கரை. சில பகுதிகளைச் செப்பனிட்டு வருகிறார்கள், ஆனால் நீண்ட தூரம் இன்னும் ஒற்றையடிப் பாதைதான். கார்கசோன் தாண்டி ஒரு பிற்பகல் எனக்கு நினைவிருக்கிறது. பிளாட்டான் மரத்தின் வேர்கள் விரல் விரலாகப் பாதையின் குறுக்கே கிடந்தன. ஒவ்வொரு வேரிலும் பின்பை ஒருமுறை துள்ளியது. கடைசியில் அதன் கொக்கி கழன்று பை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து தொங்கியது. மதிய உணவு கட்டியிருந்த ரப்பர் கயிற்றால் அதைச் சட்டத்தோடு கட்டி, அடுத்த ஊர் வரை தள்ளிக்கொண்டு போனேன். மெல்லிய டயருள்ள பந்தய சைக்கிளை இங்கே கொண்டுவராதீர்கள். டயர் 40 மி.மீ. அகலமாவது இருக்கட்டும்.

நிழலுக்கும் இப்போது உத்தரவாதம் இல்லை. கால்வாய்க் கரையில் சுமார் 42,000 பிளாட்டான் மரங்கள் இருந்தன. ஒரு பூஞ்சை நோய் 2006-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கிடையாது, வெட்டி எரிப்பதுதான் வழி. ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள், வேறு வகை மரங்களை நட்டு வளர்க்கிறார்கள். பழைய படங்களில் தெரியும் பசுமைக் கூரை பல இடங்களில் இப்போது இல்லை. ஜூலை, ஆகஸ்டில் மதியம் பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் மரமில்லாத கரையில் ஓட்டுவது, சித்திரை வெயில் பழகிய நமக்கே கஷ்டம். அப்புறம் காற்று: இந்தப் பள்ளத்தாக்கு ஒரு புனல் மாதிரி. மேற்கிலிருந்தும் அடிக்கும், தென்கிழக்கிலிருந்து 'ஓத்தான்' என்ற காற்று வந்தால் நாள்கணக்கில் விடாது.

துலூஸ் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: அறை வாசலிலிருந்தே கிளம்பி கரோன் கரையாக போர்தோவுக்குப் போ. ரயில் செலவு திரும்பி வர மட்டும். ஊராட்சி நடத்தும் கூடாரத் தளங்களில் தங்கு. அகலமான டயர் வாங்கிய பிறகு, வசந்த காலத்தில் மிதி கால்வாய்.

## தெற்குப் பர்கண்டி: பிள்ளைகளோடு போக

பர்கண்டி என்பது பிரான்ஸின் கிழக்கில் ஒரு வட்டாரம். 1997-இல் அங்கே ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவில், கைவிட்ட ஒரு ரயில் பாதையின் மேல் 44 கி.மீ. தார் போட்டுத் திறந்தார்கள். பிரான்ஸில் 'வுவா வெர்த்', அதாவது பசுமைப் பாதை என்ற வகைக்கு முதல் முன்மாதிரி அதுதான். ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் எங்கேயும் தொடைக்குத் தெரியாது. கார் கிடையாது. சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை தனியாக முன்னால் ஓட்டிப் போவதைப் பதறாமல் பார்க்கக்கூடிய இடம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது இது.

வழியில் கோர்மத்தான் ஷாத்தோ, குன்றின் மேல் தெசே. 1940-இல் தொடங்கிய அந்தக் கிறிஸ்தவச் சமூகத்துக்கு உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் வருகிறார்கள்; நம் ஊர்த் திருச்சபைகளில் அவர்களுடைய பாடல்களைக் கேட்டவர்கள் இருப்பீர்கள். மாலை வழிபாட்டில் யாரும் போய் உட்காரலாம். க்ளூனியில், ரோமின் புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்டும் வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய கோயிலாக இருந்ததன் ஒரு சிறு மிச்சம் நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடிப்பது க்ளூனிக்குத் தெற்கே வரும் சுரங்கம். பழைய ரயில் சுரங்கம், 1.6 கி.மீ., வெளியே 30 டிகிரி இருந்தாலும் உள்ளே குளிரும். ஆளுக்கொரு மேல்சட்டை பைக்கு மேலேயே இருக்கட்டும். குளிர்காலத்தில் வவ்வால்கள் தூங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். அப்போது குன்றேறித்தான் போக வேண்டும்.

ஒரு வாரத்துக்கு இது சிறியது. பெரியவர்கள் மட்டும் என்றால் வடக்கே போன் என்ற ஊரிலிருந்து சாந்தனே வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் இருபது கி.மீ. சொச்சப் பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொமார், மெர்சோ என்று மது பாட்டில்களில் பார்த்த பெயர்களெல்லாம் ஊர்ப்பலகைகளாக வரும். இங்கே சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு, நிழல் இல்லை, அறுவடை நேரத்தில் டிராக்டர்களுக்கு வழிவிட வேண்டும்.

செலவு அறையில் இருக்கிறது. போன் ஊரில் வாடகை எப்போதுமே அதிகம். திராட்சை அறுவடை நடக்கும் செப்டம்பரிலும், பழைய மருத்துவமனையின் பேரில் மது ஏலம் நடக்கும் நவம்பர் மூன்றாம் ஞாயிறை ஒட்டியும் அறை கிடைப்பதே பெரிய விஷயம். தெற்கே க்ளூனி பக்கம் நிதானமான விலைதான். ரயில் ஷலோனிலும் (லுவார் கரையில் சொன்ன ஷலோன் இல்லை, இது சோன் ஆற்றங்கரை ஊர்) மாக்கோனிலும் தான் இருக்கிறது, க்ளூனியில் இல்லை. நடுவழியில் ஒரு பிள்ளை முரண்டு பிடித்தால் ரயில் காப்பாற்றாது. அதனால் ஒரு நாளைக்கு 20 கி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள். சாப்பாடு மாட்டிறைச்சி, நத்தை, பன்றி என்று கனமானது. சைவக்காரர்கள் சமையலறையுள்ள வாடகை வீடாக எடுப்பது நல்லது.

பாரிஸ் குடும்பத்துக்கு இதைத்தான் சொன்னேன், நான்கு நாள்.

## பாதை எதுவும் வேண்டாம் என்றால்

லொத், தோர்தோஞ் ஆற்றுப் பகுதிகளில் சைக்கிளுக்கென்று தொடர்ந்த பாதை தேவையில்லை. மிஷ்லான் வரைபடத்தில் வெள்ளையாகப் போட்டிருக்கும் சின்னச் சாலைகளே போதும். அரை மணிக்கு ஒரு கார். பக்கத்தில் பச்சைக் கோடு இருந்தால் அழகான சாலை, அம்புக்குறி இருந்தால் செங்குத்து. என் மனதுக்கு நெருக்கமான பிரான்ஸ் இதுதான். ஆனால் ஆற்றை விட்டு விலகினால் ஒரு நாளில் ஏழெட்டு ஏற்றம் வரும், ஒவ்வொன்றும் குட்டைதான், தொடை கணக்கு வைத்துக்கொள்ளும். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

## எங்கே போனாலும் கையைக் கடிப்பவை

ரயிலில் சைக்கிள் இடம். வட்டார ரயில்களில் பெரும்பாலும் இலவசம், ஆனால் லுவார் போன்ற வழிகளில் கோடையில் முன்பதிவு கட்டாயம். அதிவேக ரயில்களில் சிலவற்றில்தான் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், அதற்கும் தனிச் சீட்டு. மற்றவற்றில் சக்கரத்தைக் கழற்றி உறையில் போட்டால்தான் ஏற்றுவார்கள். ஒருமுறை நாங்கள் ஆள் சீட்டு மட்டும் வாங்கிவிட்டு, சைக்கிள் இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அது நிரம்பியிருந்தது. நான்கு மணி நேரப் பயணம் மூன்று வட்டார ரயில் மாறி ஒரு முழு நாளாயிற்று.

ஞாயிறு பிற்பகலும் திங்களும். கிராமங்களில் பேக்கரி, மளிகை, உணவகம் எல்லாம் மூடியிருக்கும். ஞாயிறு காலை பதினொன்றுக்குள் இரண்டு நேரத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களிலும் மதிய உணவு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைதான். இரண்டு மணிக்குப் போய் நின்றால் காபி மட்டும் தருவார்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், வாசல் பக்கம் குழாய் இருக்கும்.

உணவகத்தில் "சைவம்" என்றால் மீன் வந்துவிடலாம். "சான் வியாந்த், சான் புவாசோன்", இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று முழுதாகச் சொல்லுங்கள். சாலடில் தூவும் பன்றித் துண்டுகளை, 'லார்தோன்', சிலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். பாரிஸ் வழியாக வருகிறவர்கள் அங்கே லா ஷப்பல் பகுதியில் உள்ள தமிழ்க் கடைகளில் ஒரு புட்டி புளிக்காய்ச்சல் வாங்கிக்கொண்டால், அடுப்புள்ள வாடகை வீடு கிடைக்கும் இரவில் அதன் அருமை தெரியும்.

சட்டம்: பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். ஊருக்கு வெளியே இரவிலும் வெளிச்சம் குறைந்த நேரத்திலும் பளிச்சென்று தெரியும் மேலங்கி எல்லோருக்கும் கட்டாயம்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று. விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும், சைக்கிளில் போகிறவருக்கோ எந்த இரவு எந்த ஊர் என்பது மாறிக்கொண்டே இருக்கும். ரத்து செய்தால் காசு திரும்பி வரும் அறைகளாகவே பதிவு செய்யுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் முழங்கால் வலிக்கும் நாளில் அந்தச் சுதந்திரம் வேண்டும்.

## கோயம்புத்தூர் தம்பதிக்கு எழுதிக் கொடுத்தது

கணவர் தினமும் ரேஸ் கோர்ஸ் சாலையில் காலை நடை போகிறவர், சைக்கிள் ஓட்டிப் பல வருடம் ஆகிறது. அந்த அம்மா வாரம் மூன்று நாள் ஓட்டுகிறார். மெதுவாகப் போகப்போவது கணவர்தான் என்பதால், அவருக்காக லுவார். காற்று முதுகில் இருக்கட்டும் என்று மேற்கிலிருந்து கிழக்கே. சைக்கிளும் பைகளைக் கொண்டுபோகும் வேனும் ஆன்ஜேயில் வாடகைக்கு.

முதல் நாள் ஆன்ஜேயிலிருந்து ஜென் வரை, 35 கி.மீ. அளவில். இரண்டாம் நாள் வேண்டுமென்றே குட்டை, சோமுர் வரை. மதியம் குகையில் ஃபுவே. மூன்றாம் நாள் வியேன் ஆறு லுவாரில் கலக்கும் காந்த் சான் மார்த்தான் வழியாக லான்ழே, இருப்பதிலேயே நீளமான நாள். முடியாவிட்டால் சோமுரிலிருந்து ரயில். நான்காம் நாள் வில்லாந்திரித் தோட்டம் பார்த்துவிட்டு தூர். ஐந்தாம் நாள் அம்புவாஸ். ஆறாம் நாள் ஷோமோன் வழியாக ப்ளுவா. ஏழாம் நாள் பைகளை ப்ளுவா அறையிலேயே விட்டுவிட்டு, வெறும் சைக்கிளில் ஷாம்போர் காட்டுக்குள் போய் மாலைக்குள் திரும்பலாம்; செப்டம்பர் கடைசியில் அங்கே ஆண் மான்கள் உறுமுவது பாதையிலேயே கேட்கும். மறுநாள் காலை ப்ளுவா நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு, பாரிஸுக்கு ரயில்.